சூப்பர்சார்ஜர் ஏற்றிய சிட்டிக்கு இன்ஜெக்டர் மாற்றிய அனுபவம்

சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) போட்ட வண்டிக்கு இன்ஜெக்டர் (பெட்ரோலை அளந்து ஊற்றும் சின்ன வால்வு) மாற்றப் போகிறேன் என்று சொன்னால் போதும், எத்தனை சிசி, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் வண்டிப் பைத்தியங்கள் அத்தனை பேரும் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். சிசி கணக்கு அரை மணி நேர வேலை. நாலு இன்ஜெக்டரும் ஒரே அளவு ஊற்றுகிறதா, ஒவ்வொன்றும் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் எங்கள் வண்டி மனதுக்குப் பிடித்தமாதிரி ஓடியது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். கம்பெனியிலிருந்து வரும்போது 106 குதிரைத்திறன். மாமா ஓட்டிவிட்டு எனக்குத் தந்தது. அதில் தக்கலை மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஈட்டன் எம்45 புளோயரை (சூப்பர்சார்ஜரைத்தான் அப்படிச் சொல்வோம்) ஏற்றிக் கொடுத்தார். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ்ஸில் இருக்கும் அதே வகை. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்றைத் தள்ளும். பூஸ்டை, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தத்தை, 0.4 பாரோடு நிறுத்திக்கொண்டோம். பழைய என்ஜின், உள்ளே பிஸ்டனும் பழசு, அதற்கு மேல் ஆசைப்படுவது நியாயமில்லை.

பழைய ஈசியுவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்துக்கொண்டு பூஸ்ட் ஓட்ட முடியாது. அதன் மேப் சென்சாருக்கு (இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே எதுவும் சரியாகத் தெரியாது. அதனால் ஸ்பீடுயினோ என்ற ஈசியு போட்டோம். 2.5 பார் வரை படிக்கும் மேப் சென்சார், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சார், லேப்டாப்பில் டியூன் செய்ய டியூனர்ஸ்டுடியோ மென்பொருள். ஸ்பார்க் பிளக்கில் ஒரு படி குளிர்ந்த ரகம், கேப் 0.8 மில்லிமீட்டர்.

பழைய இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 240 சிசி. 6500 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு என்ஜினுக்குக் கிடைப்பது 18.5 மில்லிசெகண்ட்தான். லாக் எடுத்துப் பார்த்தால், அதில் 17.5 மில்லிசெகண்ட் இன்ஜெக்டர் திறந்தே கிடக்கிறது. அப்படியும் லாம்டா (கலவையின் அளவு, 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல், மேலே போனால் குறைவு) 0.80 இருக்க வேண்டிய இடத்தில் 0.88 காட்டியது. பூஸ்டில் அது ஆபத்தான எண். அன்றைக்கே 5000 ஆர்பிஎம்முக்கு மேல் போகவிடாமல் லிமிட் வைத்துவிட்டார் அண்ணன்.

சிசி கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்சார்ஜ் செய்த பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு எரிபொருள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 150 குதிரைத்திறனுக்கு 90 பவுண்டு. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22.5. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆகவே 28 பவுண்டு. சிசியில் அது ஏறக்குறைய 295. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதால் இன்னும் 8 சதவீதம் சேர்த்தால் 320 வரும். 360 சிசி வாங்கினால் கொஞ்சம் இடமும் இருக்கும். சிலர் 550, 650 என்று பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். பெரிய இன்ஜெக்டர் ஐடிலில் மிகச் சின்ன நேரம் மட்டும் திறந்து மூட வேண்டியிருக்கும், அங்கே அது ஒழுங்காக அளந்து ஊற்றாது. 150 குதிரைத்திறன் வண்டிக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி முக்கியமான கதை. 360 சிசி செட் ஒன்றை ஒரு இணையக் கடையில் வாங்கினேன். நாலும் ஒரே அளவு ஊற்றும்படி சோதித்துச் சேர்த்த செட் என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அண்ணன் அதை நேராக என்ஜினில் மாட்டச் சம்மதிக்கவில்லை. குளச்சல் பக்கம் போட்டு என்ஜின்களுக்கு டீசல் பம்ப், நாசில் வேலை பார்த்துப் பழகிய ஒரு பெரியவர் பெட்ரோல் இன்ஜெக்டர் டெஸ்ட் மெஷினும் வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். நாலு கண்ணாடிக் குழாய், மேலே நாலு இன்ஜெக்டர். 3 பார் அழுத்தத்தில் 30 விநாடி திறந்து விட்டார். 360 சிசி என்றால் ஒவ்வொரு குழாயிலும் 180 மில்லி நிற்க வேண்டும். நின்றது 181, 178, 163, 180.

மூன்றாவது குழாயின் மட்டம் இறங்கிக் கிடந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்புறம் அழுத்தத்தை அப்படியே வைத்து, கரண்டை மட்டும் நிறுத்தினார். மூன்று இன்ஜெக்டரின் நுனி காய்ந்து கிடக்க, அதே மூன்றாவதன் நுனியில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

“பாத்தியா மக்ளே, ஊத்த வேண்டிய நேரத்துல ஊத்தல, மூட வேண்டிய நேரத்துல ஒழுகுது” என்றார் பெரியவர்.

மெஷினில் கோளாறு இருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்றாவதைக் கழற்றி முதல் குழாய்க்கு மாற்றினார். குறை அதோடு கூடவே போனது. சந்தேகம் தீர்ந்தது. வீடியோவும் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன், உங்கள் மெஷின் சரியில்லை என்று பதில் வந்ததோடு சரி, பணம் வரவில்லை.

ஒரே ஒரு இன்ஜெக்டர் 9 சதவீதம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வைட்பேண்ட் சென்சார் நாலு சிலிண்டரின் புகையும் சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறது. அது சராசரியைத்தான் சொல்லும். மீட்டரில் அழகாக 0.80 என்று நிற்கும்போது, நல்ல மூன்று சிலிண்டரும் 0.78-ல் இருக்கும், பாவப்பட்ட அந்த ஒன்று 0.86-ல் வறண்டு எரிந்துகொண்டிருக்கும். டியூன் செய்பவர் மீட்டரைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இன்னும் கொஞ்சம் டைமிங் கொடுப்பார், அதாவது ஸ்பார்க்கை முன்னதாக்குவார். நாக், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவது, வருவது அந்த ஒரே சிலிண்டரில்.

குலசேகரத்து நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவருடையதும் புளோயர் வண்டிதான், மீட்டர் எண்கள் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தன. பேச்சிப்பாறை ஏற்றத்தில் திடீரென்று இழுவை குறைந்து, பின்னால் நீலப்புகை. ஹெட்டைத் திறந்தபோது ஒரு பிஸ்டனில் மட்டும் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது, மற்ற மூன்றும் புதுசு போல. அவருடைய இன்ஜெக்டர்களைப் பிறகு குழாயில் வைத்துப் பார்த்தபோது, அந்தச் சிலிண்டருக்குரியது மட்டும் குறைவாக ஊற்றியது. அவருக்கு ஆன செலவில் பாதியில் டெஸ்ட் மெஷினையே வாங்கியிருக்கலாம் என்று இன்றும் வருத்தப்படுகிறார். இன்ஜெக்டர் யாரிடம் வாங்கினாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், குழாயில் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். நாலுக்குள்ளும் 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த செட் வேண்டாம்.

இரண்டாவதாக வாங்கியது பாஷ் இவி14 ரகம், டேட்டா ஷீட்டோடு. விலை கூடத்தான். குழாயில் நாலும் ஒரே மட்டத்தில் நின்றன. மல்டிமீட்டரில் மின்தடை 12 ஓம். இதையும் கட்டாயம் பார்க்க வேண்டும், 2, 3 ஓம் காட்டும் ரகத்தை நேராகக் கொடுத்தால் ஈசியுவின் டிரைவர் கருகிவிடும். கனெக்டர் அடாப்டர், ஓ-ரிங் அளவு எல்லாம் சின்ன வேலைகள். ஓ-ரிங்கில் கொஞ்சம் சுத்தமான என்ஜின் ஆயில் தடவி உட்கார வையுங்கள், காய்ந்தபடி அழுத்தினால் கிழியும், கிழிந்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல்.

அடுத்து பெட்ரோல் அழுத்தம். ரெகுலேட்டரின் வேக்கம் குழாய் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பூஸ்ட் ஏற ஏற ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தமும் கூடவே ஏறும், இன்ஜெக்டருக்கு எப்போதும் 3 பார் வித்தியாசம் கிடைக்கும். இல்லாவிட்டால், ரெயிலில் 3 பார், எதிரே 0.4 பார் தள்ளுகிறது, மிச்சம் 2.6. ஊற்றும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 7 சதவீதம் போய்விடும், அதுவும் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில். பம்பும் 3.4 பாரில் போதுமான அளவு தள்ள வேண்டும். நாங்கள் பழைய பம்பை எடுத்துவிட்டு மணிக்கு 255 லிட்டர் வால்ப்ரோ போட்டோம்.

இனி டெட் டைம். இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்ததும் ஊசி உடனே தூக்காது. 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் வீணாகப் போகும், வோல்டேஜ் குறைந்தால் இன்னும் கூடும். 240-லிருந்து 360-க்கு மாறினால் நேரத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் எண்ணையே சொல்கிறேன். பழைய இன்ஜெக்டரில் ஐடிலுக்கு 2.6 மில்லிசெகண்ட், அதில் டெட் டைம் 0.9. உண்மையில் பெட்ரோல் ஊற்றியது 1.7 மட்டும். புதியதற்கு அதில் மூன்றில் இரண்டு, அதாவது 1.13, கூட அதன் டெட் டைம் 1.0. மொத்தம் 2.1. மொத்த 2.6-ஐயும் மூன்றில் இரண்டாக வெட்டினால் 1.73 வரும், டெட் டைம் போக ஊற்றுவது 0.73. தேவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, ஐடிலில் என்ஜின் அணைந்துவிடும். புது இன்ஜெக்டர் போட்டதிலிருந்து ஐடில் ஆடுகிறது என்று சொல்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்தான் தப்பாக இருக்கிறது, நான் பார்த்த வரைக்கும்.

டேட்டா ஷீட் இருந்தும் சரிபார்த்தோம். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, லாம்டா திருத்தத்தை அணைத்துவிட்டு, ஐடிலில் விட்டு ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ஏசி புளோயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டார் அண்ணன். வோல்டேஜ் 14.1-லிருந்து 12.6-க்கு இறங்கியது. லாம்டா 1.00-லிருந்து 1.06-க்கு ஓடியது. வோல்டேஜ் அட்டவணையில் 12.6-க்கு நேரே டெட் டைமைக் கொஞ்சம் கூட்டினார், திரும்பப் போட்டார், மறுபடி கூட்டினார். கடைசியில் எதைப் போட்டாலும் அணைத்தாலும் லாம்டா அசையவில்லை. அதற்குப் பிறகு மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் ராத்திரி ஏசி, லைட், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு ஊர்ந்தாலும் வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. எனக்கு அந்த 360 என்ற எண்ணை விட இதில்தான் சந்தோஷம்.

ஐடில் சரியானதும் குறைந்த, நடுத்தர லோடுகளுக்கான எரிபொருள் அட்டவணைக் கட்டங்களை நிரப்பினோம். அதற்கு எங்கள் ஊரே உதவியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாயில் அடிக்கும் காற்று தெரியும்தானே, முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நிற்பதே அதனால்தான். அங்கே ஒரே கியர், ஒரே வேகம். நாகர்கோவில் பக்கம் காற்றை எதிர்த்துப் போகும்போது மேப் 70 கிலோபாஸ்கல் காட்டும், திரும்பி வரும்போது அதே வேகத்துக்கு 50 போதும். சாலை வேகத்தை மீறாமலே இரண்டு வரிசைக் கட்டங்களும் நிரம்பின. பூஸ்ட் கட்டங்களைப் பொதுச் சாலையில் தொடவே இல்லை. அதற்குக் கோவை போய் டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே சக்கரத்தின் திறனை அளக்கும் மெஷின்) ஏற்றினோம். சக்கரத்தில் 128 குதிரைத்திறன், லாம்டா 0.80, இன்ஜெக்டர் வேலை 70 சதவீதத்தைச் சுற்றி. இறக்கியதும் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம், நாலிலும் ஒரே நிறம்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸும் இதில் மாட்டும். பணம் செலவழிப்பதற்கு முன்னால் ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். வேகம் பார்க்க வேண்டுமென்றால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது.

இ20 போட்டால் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் இ20-க்கு ஏறக்குறைய 13.5 ஆகிவிடும். வைட்பேண்ட் அளப்பது லாம்டாவை, அதை 14.7-ஆல் பெருக்கித்தான் விகிதமாகக் காட்டுகிறது. அதனால் லாம்டாவிலேயே பேசுங்கள், எந்தப் பெட்ரோல் போட்டாலும் குழப்பம் வராது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை எத்தனால் தின்றுவிடும், ஜே30ஆர்9 என்று அச்சடித்த குழாயாகப் பார்த்து மாற்றுங்கள். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடற்கரையில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் ரொம்ப நாள் ஓட்டாமல் விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், இன்ஜெக்டர் தலையில் இருக்கும் குட்டி வலையில் துரு சேர்ந்து மறுபடி அதே கதை, நாலில் ஒன்று மட்டும் குறைவாக ஊற்றும். நாங்கள் மழைக்காலம் முடிந்ததும் இன்ஜெக்டரைக் கழற்றிப் பெரியவரின் குழாயில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுகிறோம். உங்கள் செட்டின் அளவுகள் இருந்தால் நாலு எண்ணையும் அப்படியே எழுதுங்கள், எந்த அழுத்தத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்து.