உதரவிதானம் சுருங்கும்போது கீழ் விலாக்கள் ஏன் வெளியே விரிகின்றன?

கேள்வி:
நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழ் ஆறு விலாக்களின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தசை சுருங்கினால் ஒட்டிய இடத்தைத் தன் பக்கம் இழுக்கும். அப்படியென்றால் மூச்சை இழுக்கும்போது அந்த விலாக்கள் உள்ளேதானே ஒடுங்க வேண்டும்? கை வைத்துப் பார்த்தால் விரிகின்றன. மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில் 1:
பாடப் படங்களில் உதரவிதானத்தைக் கிடையாக வரைந்துவிடுவதால் வரும் குழப்பம் இது. மூச்சை வெளியே விட்ட நிலையில் அதன் ஓரப்பகுதி விலாக்களின் உள்சுவரை ஒட்டி நேர்மேலே ஏறுகிறது. அதன் பிறகே வளைந்து நடுவிலுள்ள தசைநாணைச் சேர்கிறது. ஆகவே விலாக்கள் மேல் விழும் இழுப்பு மேல்நோக்கியது.

சாதாரண மூச்சில் அந்த நடுப்பகுதி 1 முதல் 2 செ.மீ. இறங்கும். கீழே கல்லீரலும் இரைப்பையும் இருக்கின்றன. வயிறு முன்னால் தள்ளிக் கொஞ்சம் இடம் கொடுக்கும். பிறகு வயிற்றறை அழுத்தம் ஏறி, இறக்கத்தைத் தடுக்கும். நடுப்பகுதி அப்படி ஊன்றி நிற்பதால்தான் தசை விலாக்களைத் தூக்க முடிகிறது. சுவரை ஒட்டிய பகுதி வழியாக அதே வயிற்றழுத்தம் விலாக்களை வெளியேயும் தள்ளுகிறது. இந்த இரண்டாவது காரணத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2:
தூக்கினால் ஏன் அகலம் கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 7 முதல் 10 வரையுள்ள விலாக்களின் நடுப்பகுதி பக்கவாட்டில் தாழ்ந்து தொங்குகிறது. வாளியின் பிடியைத் தூக்குவதுபோல் அது உயரும்போது வெளியே போகிறது. மேல் விலாக்களில் முன்முனை தாழ்ந்திருக்கும். அவை உயர்ந்தால் மார்பெலும்பு முன்னும் மேலும் நகரும், நெஞ்சின் முன்பின் ஆழம் கூடும். முதுகெலும்போடு சேரும் மூட்டின் அச்சு மாறுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பதில் 3:
நீங்கள் எதிர்பார்த்த ஒடுக்கம் நோயில் உண்மையாகவே நடக்கும். எம்பிசீமா என்ற நுரையீரல் நோயில் நுரையீரல் காற்று தேங்கி உப்பி, உதரவிதானம் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டி ஏறும் பகுதி குறைந்துபோவதால் தசை கிடையாக இழுக்கும். மூச்சை இழுக்கும்போது கீழ் விலா ஓரம் உள்ளே போகும். இதற்கு ஹூவர் அறிகுறி என்று பெயர்.

உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு இருபக்கமும் செயலிழந்தால் வேறு மாதிரி: உள்மூச்சில் வயிறு உள்ளே போகும். மல்லாந்து படுக்கவைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். முன்னதில் விலா ஓரத்தையும் பின்னதில் வயிற்றையும் கவனிக்க வேண்டும்.