மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் கம்பனை எப்படிப் பழக்குவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):
என் மகளுக்குப் 10 வயது, மகனுக்கு 7. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பள்ளியில் மலையாள வழி என்பதால் இருவரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். சென்ற விடுமுறையில் கம்பராமாயணத்தை எடுத்து, ஒவ்வொரு பாட்டையும் பதம் பிரித்துப் பொருள் சொன்ன பிறகே பாட வைத்தேன். நான்காம் நாள் மகன் பாயைச் சுருட்டிக்கொண்டு பாட்டியிடம் போய்விட்டான். எங்கே தவறினேன்? சேர்ந்து நடித்துப் பார்க்க நாடகம் ஏதேனும் உண்டா?

மறுமொழி (வேலந்தாவளம்):
அம்மா, பொருளை முன்னால் நிறுத்தியதுதான் தடையாயிற்று என்று எண்ணுகிறேன். கும்பகருணனை அரக்கர்கள் எழுப்பும் இடத்தில் தொடங்குங்கள். ‘உறங்குகின்ற கும்பகன்ன’ என்று தொடங்கி ‘எழுந்திராய் எழுந்திராய்’ என அடுக்கி வரும் பாட்டு உலக்கைக் குத்துப்போல ஒலிக்கும். அதற்கு உரை எதுவும் வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒருவன் போர்வைக்குள் குறட்டை விடுவான், மற்றவர்கள் சுற்றி நின்று தட்டைத் தட்டிக்கொண்டே பாடுவார்கள். ‘கறங்கு’ என்றால் என்ன என்று ஆறாவது முறை பாடியபோது அவனாகவே கேட்டான். காற்றாடி என்றேன், அவ்வளவுதான் பாடம்.

மறுமொழி (ஷொர்ணூர் அருகில்):
உங்கள் மாவட்டத்திலேயே பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் (கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில்) தோல்பாவைகளின் நிழலைத் திரையில் காட்டும் தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, பிள்ளைகளை ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே புலவர்கள் கம்பனின் பாடல்களைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் கலந்து விளக்குவார்கள் என்பதால், இரண்டு மொழிக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு அது அயலாகத் தோன்றாது. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். சுடர் அசையும்போது பாவை மூச்சுவிடுவதுபோல் இருக்கும். வீட்டில் வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் உருவங்களை வெட்டி, தென்னை ஈர்க்கில் ஒட்டினால் போதும். அட்டை துணியைத் தொட்டால் நிழல் கூர்மையாக விழும், விளக்கின் பக்கம் நகர்த்தினால் பெருத்து மங்கும்; கும்பகருணனுக்கு வேறென்ன வேண்டும்?

மறுமொழி (பாறசாலை):
நாடகம் கேட்டதற்கு விடை சொல்கிறேன். ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தைப் பாருங்கள். பாண்டியனுக்கும் சேரனுக்கும் அங்கே வரும் பூசல் நாஞ்சில் நாட்டைப் பற்றியது. எங்களுக்கு அது பேருந்தில் போய்வரும் தொலைவு. முழுவதும் படிக்க முயலாதீர்கள், மேடையைவிட வாசிப்புக்கே ஏற்ற நீண்ட நூல் அது, பெரியவர்களே நடுவில் களைத்துவிடுவோம். சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் பேசும் பகுதிகளை மட்டும் எடுங்கள். நல்லவனாக நடிக்க எந்தப் பிள்ளைக்கும் ஆர்வமில்லை. குடிலன் வேடத்துக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை. நாங்கூழ்ப் புழுவை உழவருக்கெல்லாம் மேலாக வைத்து நடராசன் பேசும் பகுதியை மழை விட்டதும் தோட்டத்தில் மண்புழுவைப் பார்த்துக்கொண்டே படித்தோம். அன்று மட்டும் நடராசனுக்கும் ஆள் கிடைத்தது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வேட்டியும் விளக்கும் வரும் சனிக்கிழமைக்கு. இன்று காலை மகளை எழுப்பப் போனபோது அவளுடைய தம்பி முந்திக்கொண்டு, ஒரு கரண்டியும் தட்டுமாக ‘எழுந்திராய்’ பாடிக்கொண்டிருந்தான். பாட்டி சமையலறையிலிருந்து அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது.