கழுத்துத் தமனி அறுவை: 'நீக்கம்' வேண்டாம், 'உள்ளுரிப்பு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

குறுகிப்போன கழுத்துத் தமனியைத் திறந்து சீராக்கும் அறுவைக்கு (ஆங்கிலத்தில் endarterectomy) என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில், 'உள்தமனி நீக்கம்' என்ற பெயரே போதும், உள் + தமனி + வெட்டியெடுத்தல் என்ற கிரேக்க மூலத்தோடு ஒட்டி வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 'தூர்வாரல்' என்ற முன்மொழிவும் வந்தது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அப்பாவின் வலக்கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. இடக்கண்ணில் திரை இறங்கின மாதிரி இருந்தது என்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்கேனில் பார்த்தால் இடப்பக்கக் கழுத்துத் தமனி 80 விழுக்காடு குறுகியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் இதே 'உள்தமனி நீக்கம்'தான் அச்சாகியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்த அப்பா, "தமனியையே எடுத்துட்டா மூளைக்கு ரத்தம் எது வழியாடா போகும்?" என்று கேட்டார். கையெழுத்துப் போடவில்லை. நான்கு நாள் அப்படியே போனது.

அந்த நான்கு நாள் சின்ன விஷயம் இல்லை. அறிகுறி கண்ட இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் இந்த அறுவையின் பலன் மிக அதிகம். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறியோடு 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்கள் 100 பேருக்கு 26 பேர் இரண்டு ஆண்டுக்குள், குறுகிய தமனி இருக்கும் பக்கத்து மூளையில் ஏற்படும் பக்கவாதத்துக்கு ஆளானார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேர்தான். அறுவையின்போதே நேர்ந்தவையும் அந்த 9இல் அடக்கம். இவ்வளவு பலனுள்ள ஒன்றுக்கு நோயாளியை மிரட்டுகிற பெயரை நாம் வைக்கக்கூடாது.

சரி, அறுவையில் உண்மையில் நடப்பது என்ன? தமனியின் மேலும் கீழும் கிடுக்கி போட்டு, நீளவாக்கில் திறக்கிறார்கள். கொழுப்பும் சுண்ணமும் இறுகிய படிவு, உட்சுவரோடு ஒன்றிப்போய் இருக்கும். மழுங்கிய கரண்டி போன்ற கருவியால் சுவரின் நடு அடுக்கில் ஒரு பிளவைக் கண்டுபிடித்து, படிவையும் உட்படலத்தையும் சேர்த்து உரித்து எடுக்கிறார்கள். வெளிச்சுவர் அப்படியே இருக்கிறது. பிறகு, பெரும்பாலும் ஓர் ஒட்டு வைத்து, தைத்து மூடுகிறார்கள்.

'தூர்வாரல்' என்ற முன்மொழிவு அழகானது, கேட்டவுடன் புரிகிறது. ஆனால் தூர் என்பது அடியில் தங்கிய சேறு, அள்ளினால் வரும். இங்கே அள்ளினால் ஆபத்து. துணுக்கு ஒன்று பிய்ந்து மூளைக்குப் போனால் அதுவே பக்கவாதம். மருத்துவர் பாடுபடுவதெல்லாம் படிவு சிதறாமல் வருவதற்குத்தான்.

'நீக்கம்' பொருந்துகிற அறுவை வேறு ஒன்று இருந்தது. 1954இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், குறுகிய பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் செய்தது உரித்தெடுப்பு. இரண்டையும் 'நீக்கம்' என்றால் வரலாறு எழுதுகிறவர் எப்படிப் பிரித்துச் சொல்வார்? போதாததற்கு, 'உள்தமனி' என்றதும் மாணவருக்கு உட்கழுத்துத் தமனி என்ற தனிக் குழாய்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே என் முன்மொழிவு: தமனி உள்ளுரிப்பு. கழுத்தில் செய்தால் கழுத்துத் தமனி உள்ளுரிப்பு. காலில் செய்தால் கால் தமனி உள்ளுரிப்பு; 1946இல் லிஸ்பனில் டோஸ் சான்டோஸ் என்ற அறுவை மருத்துவர் செய்தது அதுதான். தமனியைக் குறுக்கே வெட்டி, சட்டைக் கையைத் திருப்புவதுபோல் உள்வெளியாகப் புரட்டி உரிக்கும் முறையும் உண்டு. அதற்குப் 'புரட்டு உள்ளுரிப்பு' என்று எளிதாகக் கிளைச்சொல் வருகிறது. கிளைக்காத சொல் நெடுநாள் நிற்காது என்பது என் அனுபவம்.

இந்தச் சொல்லும் நான் உருவாக்கியதில்லை. ஐந்தாம் நாள் அறுவை மருத்துவர் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "தமனியை எடுக்கறதில்லைங்க ஐயா. உள்ள ஒட்டியிருக்கறதை மட்டும் உரிச்சு எடுத்துட்டுத் தைச்சுடுவோம்" என்றார். அப்பா பேனாவைக் கேட்டு வாங்கினார்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் தமனி என்பது 'நாடி'. 'நாடி உள்ளுரிப்பு' உங்கள் காதுக்கு ஒத்துவருகிறதா? இங்கே நாடி என்றால் துடிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் இரண்டையும் பதிந்துவைக்கலாம் என்று நினைக்கிறேன்.