பன்றி சுடுவதற்கு அயல் காணிக்காரரிடம் அனுமதி கேட்பது எப்படி?

படுவான்கரை உழவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம், அம்பாறை மாவட்ட எல்லையை அண்டிய வட்டையொன்றில் (வயல்வெளித் தொகுதியில்) எங்கள் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. மாரிப்போக நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததிலிருந்து அறுவடை முடியும் வரை இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. அவை தின்பதைவிட உழக்கி அழிப்பதே அதிகம். தகப்பனாரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்துடன் வழங்கப்பட்ட ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று உண்டு. ஆனால் எங்கள் வயலுக்குள் பன்றி நிற்பது சொற்ப நேரந்தான். பகலில் அவை படுத்திருப்பதும், இரவில் வந்து போகும் வழியும் அயலவர்களின் காணிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

அந்தக் காணிகள் மூன்று. முதலாவது களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஒருவருடையது. அதைக் குத்தகைக்கு எடுத்தவர்தான் விதைத்திருக்கிறார். இரண்டாவது சம்மாந்துறையைச் சேர்ந்த ஒரு ஹாஜியாருடைய பெரிய கண்டம். அவர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார்; நாங்கள் பேசிப் பழகியதில்லை. மூன்றாவது பல ஆண்டுகளாக விதைக்கப்படாமல் பற்றைக்காடாகிப் போன காணி. அதற்கு உரித்தாளர்கள் பலர் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இம்மூவரிடமும் முறையாக அனுமதி பெற்ற பின்னரே உள்ளே செல்வது என்று நானும் தகப்பனாரும் முடிவு செய்திருக்கிறோம். யாரிடம் கேட்பது, எந்தக் காலத்தில் கேட்பது, வாய்ச்சொல் போதுமா அல்லது எழுத்தில் வாங்க வேண்டுமா, பன்றி விழுந்தால் காணிக்காரருக்குப் பங்கு கொடுப்பது முறையா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். தகப்பனாருக்கு இரவில் கண் பார்வை மங்கல் என்பதால் துவக்கை நான் கொண்டு செல்லலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய வட்டை விதானை

தம்பி, கேட்டுவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்ததே பாதி வேலை. மீதிப் பாதி, ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்குவதற்கு முன்னர் வட்டையில் பேசுவது. போகம் தொடங்குவதற்கு முன் தண்ணீர் திறக்கும் திகதியையும், விதைப்பை முடிக்க வேண்டிய திகதியையும், மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அகற்ற வேண்டிய திகதியையும் தீர்மானிப்பதற்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறதல்லவா? அந்த இடத்தில், வட்டையின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானை மூலமாகவோ விவசாய அமைப்பு மூலமாகவோ பன்றிக் காவல் பற்றிய பேச்சை எடுத்தால், இன்னார் வீட்டுத் துவக்கு இந்த வட்டையில் காவலுக்கு நிற்கும் என்ற செய்தி எல்லோர் முன்னிலையிலும் பதிவாகிவிடும். பிறகு நீர் தனித்தனியாகப் போய்க் கேட்கும்போது, கேட்கப்படுபவர் உம்மை வேட்டைக்காரனாகப் பார்க்க மாட்டார்; தன் பயிருக்கும் சேர்த்துக் காவல் நிற்கும் ஒருவராகவே பார்ப்பார். இந்தப் போகத்துக் கூட்டம் முடிந்திருந்தால், விதானையைக் கூட அழைத்துக்கொண்டு செல்வது அடுத்த நல்ல வழி.

முதலாவது காணியில் இருவரிடமும் கேட்க வேண்டும். காணி உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருந்தாலும், இந்தப் போகத்துக்கு மண்ணில் இறங்கி நிற்பவர் குத்தகைக்காரர். வரம்பு உடைந்தால் அவருக்குத்தான் நட்டம். வயற்காவல் குடிசையான வாடியில் இரவு படுப்பவரும் அவருடைய ஆள்தான். களுவாஞ்சிகுடிக்காரர் சம்மதித்த செய்தி வாடியில் படுத்திருக்கும் காவல்காரனுக்குப் போய்ச் சேராவிட்டால், நடுச்சாமத்தில் வெடிச்சத்தம் கேட்டு அவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு விடயமும் இருக்கிறது. இங்கே வயற்காணிகளில் பெரும்பகுதி பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போனவை. வெளியில் நின்று பேசுபவர் கணவர் என்றாலும் உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். ஆகவே, அவருடன் பேசி முடித்ததும், "அக்காவிடமும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டு, எழுத்தில் வாங்குவதானால் அவருடைய கையொப்பத்தையும் வாங்குவதே முறை. அதை அவர்கள் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கேட்கப் போகும்போது துவக்குடன் போகாதீர். வேட்டை நாய்களையும் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு போகாதீர். போர்க்காலத்தைக் கண்ட மக்கள் இவர்கள். மட்டக்களப்பு கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டதே 2017ஆம் ஆண்டில்தான். துவக்கும் கையுமாக முற்றத்தில் நான்கு பேர் நின்றால், அவர்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அந்த வீட்டுக்காரருக்கு வேறு நினைவுகள்தான் வரும். தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு, பகலில், வயல் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துச் செல்லும்.

பேசும்போது, செய்யப் போவதை மட்டுமன்றிச் செய்யாமல் விடப் போவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்றி சுடுவது என்றதும் காணிக்காரர் மனதில் எழும் பயம் துவக்கைப் பற்றியது அல்ல. விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு, சுருக்குக் கம்பி, மின்சாரக் கம்பி, தீனிக்குள் வைக்கும் பன்றிவெடி ஆகியவற்றைப் பற்றியது. ஹக்கப்பட்டாஸ் என்று சிங்களத்தில் சொல்லப்படும் அந்த வெடியைக் கடித்து வாய் கிழிந்த யானைகள் உண்ண முடியாமல், குடிக்க முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகின்றன. மாடு கடித்தாலும் அதே கதிதான். வரம்போரம் இழுத்த மின்கம்பி, பன்றியைப் போலவே அதிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் மனிதனையும் கொல்லும். "இவை எதையும் உங்கள் காணிக்குள் கொண்டு வர மாட்டோம், வேறு எவரேனும் வைத்திருக்கக் கண்டால் உங்களுக்கு அறிவிப்போம்" என்று நீராகவே முதலில் சொன்னால், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பங்கைப் பற்றி: அந்தக் காலத்தில் பெரிய காணிக்காரரான போடியார் வீட்டுக்கு ஒரு தொடை போவது வழக்கம். இன்று அதைக் கூலி போலப் பேசி வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விரும்புபவருக்குக் கொடுக்கலாம், ஆனால் அனுமதிக்கு விலையாகப் பேசக் கூடாது.

சம்மாந்துறைக் காணிக்காரர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி குறிப்பிடும் ஹாஜியார் நானல்லன். ஆனாலும் அவருடைய இடத்தில் இருக்கும் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். பன்றி எங்களுக்கு ஹராம் என்பதால் இதைப் பற்றி எங்களிடம் பேசவே கூடாது என்று தமிழ்ச் சகோதரர்கள் சிலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. விளைந்த நெல்லை உழக்கும் மிருகத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் உங்களுக்கும் வேறுபாடு கிடையாது. எங்கள் காணிக்காரர்களில் பலர், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று எதிர்பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

ஆனால் சுட்டதற்குப் பிறகு நடப்பவற்றில்தான் மனக்கசப்பு உண்டாகிறது. விழுந்த பன்றியை எங்கள் காணிக்குள், அதிலும் சூடடிக்கும் களத்தில் வைத்து உரிக்கக் கூடாது. வாடியில் இருக்கும் சட்டி, கத்தி, கோடரி, சாக்கு எதையும் அதற்கு எடுக்கக் கூடாது. நாங்கள் தொழுகைக்கு முன் வுழூச் செய்வதும் (கை, முகம், கால் கழுவுவதும்) வாயலம்புவதும் அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் என்பதால், இரத்தத்தை அதில் கழுவக் கூடாது. உடலை முழுதாகவே எல்லைக்கு வெளியே எடுத்துச் சென்றுவிட வேண்டும். அதை எங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித் தரும்படி எங்கள் வேலைக்காரரிடம் கேட்க வேண்டாம். பங்கு என்ற பேச்சை எங்களிடம் எடுக்கவே வேண்டாம். இவற்றை நாங்கள் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவோம். நீங்களாகவே சொல்லிவிட்டால், நான் அறிந்த எந்தக் காணிக்காரரும் மறுக்க மாட்டார்.

முன்னொரு போகத்தில் என்னிடம் வாய்ச்சொல்லாக அனுமதி பெற்ற சிலர், போகும்போது சுருக்குக் கம்பிகளை வேலியோரம் விட்டுச் சென்றார்கள். அறுவடைக்குப் பின் அரிதாளில் மேய விட்ட என் எருமை ஒன்று அதில் காலை விட்டு, கடைசியில் இறைச்சிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் எழுத்தில் தராதவருக்கு என் காணியில் இடமில்லை. எழுத்து என்றால் முத்திரை குத்திய பத்திரம் அல்ல. பெயரும் திகதியும் கையொப்பமும் உள்ள ஒரு தாள் போதும். கேட்பதற்கு நேரில் வாருங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் நோன்பு மாதத்து மாலை நேரத்தையும் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற வீதி

மேலே இருவரும் சொன்னதற்குப் பின் எனக்குச் சொல்ல இருப்பது சட்டப் பக்கம் மாத்திரமே. முதலில், கேள்வியின் கடைசி வரிக்கு விடை: கொண்டு செல்ல முடியாது. துவக்கு அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. தகப்பனாரின் பெயரில் உள்ளதை மகன் வயலில் வைத்துச் சுட்டால், அது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். காணிக்காரரின் அனுமதி அதை மாற்றாது. தகப்பனாருக்கு இரவில் கண் தெரியாவிட்டால் அவரும் இரவில் சுடக் கூடாது என்பதே நியாயமான முடிவு. உங்கள் பெயரில் அனுமதிப்பத்திரம் வேண்டுமானால் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்கை உங்கள் காணிக்கு வெளியே கொண்டு செல்வதைப் பற்றியும் அங்கேயே எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காணிக்காரர் எதைத் தரலாம், எதைத் தர முடியாது என்பது. நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி காட்டு விலங்கு எவருடைய சொத்தும் அல்ல. ஆகவே, அவர் உங்களுக்குத் தருவது காணிக்குள் நுழையும் உரிமையை மட்டுமே. அதைப் பெறாமல் நுழைந்தால் அத்துமீறல். அதைப் பெற்றுவிட்டால் கண்ட விலங்கையெல்லாம் சுடலாம் என்றும் ஆகாது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல. ஆனால் அதே பற்றைக்குள் கிடக்கும் மான், மரை, அழுங்கு, உடும்பு ஆகியவற்றை 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. உறுதிக் காணிக்குள் நின்றாலும் அந்தத் தடை நிற்கும். சரணாலயமாக அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் தனியார் காணி இருந்தால், அங்கே பன்றிக்கும் அதே தடைதான். பற்றைக்காட்டுக்குப் பின்னால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் இருந்தால், அதற்கு அப்பால் எந்தக் காணிக்காரருடைய கடிதமும் செல்லாது. காயப்பட்ட பன்றி எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டதாலும் உங்கள் நிலை மாறாது.

கடிதத்தில் காணியின் பெயர், கண்டம், நான்கு எல்லைகள், செல்பவரின் பெயர், அவருடைய துவக்கு அனுமதிப்பத்திர இலக்கம், தொடங்கும் திகதி, முடியும் திகதி ஆகியவை இருக்கட்டும். முடியும் திகதி இல்லாத கடிதத்தில் கையொப்பமிட எந்தக் காணிக்காரரும் தயங்குவார். அந்தத் தயக்கம் சரியானதே.

படுவான்கரை உழவன்

மூவருக்கும் மிக்க நன்றி. துவக்கு பற்றிய பதிலைத் தகப்பனாரிடம் வாசித்துக் காட்டினேன். இரவுக் காவலுக்கு இனி ரோச் லைட்டும் வெடிச் சத்தமும் மட்டும், சுடுவது அவர் மாலை வெளிச்சத்தில் நிற்கும்போது மட்டும் என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது காணியைப் பற்றி விசாரித்தேன். உரித்தாளர்கள் ஐந்து சகோதரிகள். ஒருவர் மண்டூரில் இருக்கிறார், இருவர் சுவிஸில் இருக்கிறார்கள், மற்ற இருவருடனும் மண்டூர்க்காரருக்கே தொடர்பில்லை. ஐவரிடமும் கையொப்பம் பெறுவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

பழைய வட்டை விதானை

அந்தக் காணியில் பன்றி குடியிருப்பதற்குக் காரணமே அது பற்றையாகக் கிடப்பதுதான். ஆகவே, அங்கே சுடுவதற்கு அனுமதி கேட்பதைவிட, வரம்போரமாகப் பத்து முழ அகலத்துக்குப் பற்றையை வெட்டித் துப்புரவாக்க அனுமதி கேளும். மறைவு போனால் பன்றி படுக்கும் இடத்தை மாற்றும். மாலை வெளிச்சத்தில் உங்கள் வயலிலிருந்தே தகப்பனாருக்கு அது கண்ணில் படும். மண்டூர் அக்காவின் கையொப்பத்தை வாங்கி, சுவிஸிலிருக்கும் இருவரும் வட்ஸ்அப்பில் சம்மதம் எழுதிய செய்தியை அச்செடுத்து அதனுடன் இணைத்து, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்து வையும். மற்ற இருவரில் ஒருவர் வந்து மறுப்புச் சொன்னால், அன்றே வேலையை நிறுத்திவிட வேண்டும். பெரிய மரம் எதிலும் கத்தி வைக்கக் கூடாது. பிறகு அது வேறு வழக்காகிவிடும்.

செத்துக் கிடக்கும் பன்றியையோ நோயுற்றுத் தள்ளாடும் பன்றியையோ கண்டால் தொடாதீர்கள். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நாட்டுக்குள் வந்துவிட்டது. அது மனிதருக்குத் தொற்றாது என்றாலும், உடையிலும் செருப்பிலும் ஒட்டிப் போய் வளர்ப்புப் பன்றிகளை அழித்துவிடும். அப்படிக் கண்டால் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் காணிக்காரருக்கும் அன்றே அறிவியுங்கள். தகப்பனார் காவலுக்கு நிற்கும் நாட்களைப் பொலிஸ் நிலையத்துக்கும் சுற்றியுள்ள வாடிக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குத்தகைக்காரர் அடுத்த போகத்தில் மாறினால், புதியவரிடம் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

படுவான்கரை உழவன்

பற்றை வெட்டும் யோசனையை மண்டூர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கூலிச் செலவை நாங்கள் ஏற்றால் தனக்கு மறுப்பில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை விதானையுடன் சம்மாந்துறைக்குப் போகிறோம்.