கருவிலேயே கார்னியா ஸ்டெம் செல்கள் விளிம்பில்தான் இருக்குமா?

பயோ_மாணவி: பெரியவர்களுக்குக் கார்னியாவின் (கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலம்) மேல்படலத்தைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் (புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) லிம்பஸில், அதாவது கார்னியாவும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கின்றன. கருவிலும் அங்கேதானா?

கண்ணாடிக்காரன்: இல்லை. ஆரம்பத்தில் அந்த விளிம்பே சரியாக உருவாகியிருக்காது. மேற்பரப்பு எக்டோடெர்மிலிருந்து (கருவின் வெளி அடுக்கு) வரும் மேல்படலம் முழுக்க முன்னோடி செல்கள் பரவியிருக்கும், அப்புறம்தான் மெல்ல லிம்பஸுக்கு ஒதுங்கும். ஆனால் கார்னியாவின் நடு அடுக்கான ஸ்ட்ரோமாவும் அடி அடுக்கான எண்டோதீலியமும் வேறு வழி, நியூரல் கிரெஸ்ட் என்ற வேறொரு கருச் செல் கூட்டத்திலிருந்து வருபவை. எண்டோதீலிய செல்கள் பிறந்த பிறகு பெருகுவது ரொம்பக் குறைவு.

பயோ_மாணவி: பாக்ஸ்6 மரபணு இதில் எங்கே வருகிறது?

லேப்_வாசி: கண் உருவாவதற்கே அது வேண்டும். அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே அனிரிடியா என்ற பிறவிக் குறை வரலாம், ஐரிஸ் (கண்ணின் நிற வளையம்) சரியாக வளராது. பலர் இதை ஐரிஸ் கோளாறு என்று மட்டும் நினைக்கிறார்கள், ஆனால் வயது ஏற ஏற லிம்பல் ஸ்டெம் செல்களும் செயலிழந்து, கன்ஜங்டைவா (வெள்ளைவிழியை மூடும் மெல்லிய சவ்வு) ரத்தக்குழாய்களோடு கார்னியா மேல் படர்ந்து பார்வையை மங்கச் செய்துவிடும். அப்போது தானக் கார்னியாவை மட்டும் வைத்தால் நிலைக்காது.

பயோ_மாணவி: நல்ல கண்ணிலிருந்து செல் எடுத்து வளர்த்து வைக்கலாமே?

லேப்_வாசி: ஒரு கண் மட்டும் தீக்காயத்தில் கெட்டிருந்தால் முடியும், 2015-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஹோலோக்ளார் என்ற செல் சிகிச்சை அதற்குத்தான். அனிரிடியாவில் இரண்டு கண்ணுமே பாதிக்கப்படுமே, எங்கிருந்து எடுப்பது?