மறு: 'செவிப்பறை இறுக்கம்', 'செவிப்பறைக் குழிவு' – பொருந்துமா?

வணக்கம்.

> மிரிங்கோஸ்கிளிரோசிஸ் = செவிப்பறை இறுக்கம்
> ரிட்ராக்‌ஷன் பாக்கெட் = செவிப்பறைக் குழிவு

செவிப்பறைக் கோளாறுகளுக்கு முன்வைக்கப்பட்ட இந்தத் தமிழ்ப் பெயர்கள் இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது வீணாகப் பயமுறுத்துகிறது. இரண்டாவது, எச்சரிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறது.

சின்ன வயதில் நடுச்செவியில் சீழோ நீரோ கோத்து அவதிப்பட்டவர்களுக்கு, குறிப்பாகக் குரோமெட் குழாய் (நடுச்செவிக்குக் காற்றுப்போகச் செவிப்பறையில் பொருத்தும் சிறு குழாய்) வைத்தவர்களுக்கு, பிற்பாடு செவிப்பறையில் வெள்ளைத் திட்டுகள் தெரிவது சாதாரணம். வெளியே தோல், உள்ளே சளிச்சவ்வு, இடையில் நார் என்று பறைக்கு மூன்று அடுக்கு. அந்த நார் அடுக்கில் சுண்ணம் படிவதுதான் மிரிங்கோஸ்கிளிரோசிஸ், அவ்வளவுதான். பெரும்பாலும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் அறிக்கையில் 'இறுக்கம்' என்று படிப்பவர், பறையே அசையாது போல என்றுதானே நினைப்பார்? 'செவிப்பறைச் சுண்ணத்திட்டு' போதும். படிவு நடுச்செவிக்குள்ளும் பரவி, சிற்றெலும்புகளை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால் கேள்திறன் நிஜமாகவே குறையும். அந்த டிம்பனோஸ்கிளிரோசிஸுக்கு வேண்டுமானால் 'நடுச்செவிச் சுண்ண இறுக்கம்' என வைக்கலாம்.

ரிட்ராக்‌ஷன் பாக்கெட்டுக்குக் 'குழிவு' சரிவராது. நலமாக உள்ள செவிப்பறையே உட்பக்கம் குழிந்துதான் இருக்கும். இங்கே நடப்பது வேறு: நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேக்கியன் குழாய் சரியாகத் திறக்காமல் நடுச்செவியில் அழுத்தம் குறைகிறது, நார் அடுக்கு நைந்த இடத்தில் பறை உள்ளே பைபோல இழுபடுகிறது. அது ஆழமாகி வாய் குறுகினால், உதிரும் தோல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். அப்புறம் கொலஸ்டியாடோமா (உதிர்ந்த தோல் சேர்ந்து கட்டிபோல் பெருகுவது), எலும்பு அரிப்பு.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நடுச்செவிச் சிற்றெலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பின் நீள்முனை அரித்துப்போன பிறகும், இழுபட்ட பறை அடுத்துள்ள அங்கவடி எலும்பின் மேலேயே படிந்து ஒலியைக் கடத்திவிடலாம். கேட்கும் சோதனை கிட்டத்தட்ட இயல்பாக வரும், பையோ ஆழமாகிக்கொண்டே போகும். ஆகவே பெயரில் ஆழமும் வாயும் தெரிய வேண்டும். என் பரிந்துரை 'செவிப்பறை உள்ளிழுபை'. 'உள்ளிழு' என்பது பறை தானே இழுப்பதுபோல் ஒலிக்கிறது என்பீர்களானால், 'உள்ளிழுபட்ட பை'. நீளம்தான், பரவாயில்லை.

செவிப்பறையில் விழுந்த துளை ஆறும்போது நார் அடுக்கு வளராமல் இரண்டே அடுக்காக மூடிக்கொண்ட பகுதிக்கு என்ன சொல்லலாம்? 'ஈரடுக்குப் பறை', 'மெலிந்த பறை' இரண்டும் மனத்தில் உள்ளன. முதலாவதையே விரும்புகிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.