மூன்று மாதக் குழந்தைக்கு அல்காபா என்கிறார்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

தேன்மொழி_அம்மா:
வணக்கம். என் மகனுக்கு மூன்று மாதம் முடிந்திருக்கிறது. பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நெற்றியெல்லாம் வியர்த்து, மார்பை விட்டுவிட்டு வீறிட்டு அழுவான், முகம் வெளுத்துப்போகும். வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், மாமியார் ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார், எதுவும் கேட்கவில்லை. எடையும் ஏறவில்லை. மூச்சு வாங்குகிறதே என்று எக்ஸ்ரே எடுத்தால் இதயம் பெரிதாகியிருக்கிறது, எக்கோவில் பம்பிங் 25% தான். முதலில் இதயத் தசை நோய், மருந்துதான் வழி என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர், இதயத் தசைக்கு ரத்தம் தரும் இடது கொரோனரி ரத்தக்குழாய் மகாதமனியில் கிளம்பாமல் நுரையீரல் தமனியில் கிளம்புகிறது, அல்காபா, உடனே ஆபரேஷன் என்கிறார். வீட்டில் பெரியவர்கள், பச்சைப் பிள்ளை மேல் கத்தி வைக்கக் கூடாது, ஒரு வயதாகட்டும் என்கிறார்கள். பிறந்தபோது நன்றாக இருந்தவனுக்கு எப்படித் திடீரென்று வந்தது? காத்திருக்கலாமா?

மழலைஇதயம்:
காத்திருக்க வேண்டாம் அம்மா. குழந்தைகள் இதயப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன்: ஆபரேஷன் செய்யாமல் விட்டால் இந்தக் குழந்தைகளில் 90% வரை முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. எடை ஏறட்டும் என்று காத்திருந்தாலும் ஏறாது, ஏறாததற்குக் காரணமே இதுதான்.

பிறவியிலேயே இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம், அதனால் அந்தக் குழாய்க்கும் ரத்தம் போய்விடும். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியதும் நிலைமை தலைகீழாகிறது, வலது கொரோனரியிலிருந்து கிளைக்குழாய்கள் வழியாக வரும் ரத்தமும் இதயத் தசைக்குள் போகாமல் பின்னோக்கி நுரையீரல் தமனிக்குள் வடிந்துவிடும். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் பெரிய உழைப்பு, அந்த நேரத்தில் தசைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு வலிக்கிறது. 1933-இல் பாஸ்டனில் பிளாண்ட், வைட், கார்லண்ட் மூவரும் விவரித்த குழந்தையும் பால் குடிக்கும்போதுதான் இப்படித் துடித்தது.

3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவதால் பலருக்கு இது நினைவுக்கே வருவதில்லை. தசை நோய் என்று எழுதுவதற்கு முன் எக்கோவில் இடது கொரோனரி எங்கே கிளம்புகிறது, கலர் டாப்ளரில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்.

பாப்பா_அப்பா:
எங்கள் மகளுக்கும் இதேதான், நான்கு மாதத்தில் செய்தார்கள். அந்தக் குழாயின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு பட்டன் மாதிரி வெட்டி எடுத்து மகாதமனியில் தைத்துவிடுவார்கள். வீக்கம் வடியும்வரை மார்பெலும்பை மூடாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் படலம் மட்டும் ஒட்டி வைத்திருந்தார்கள், ஐசியூவில் அதைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள், முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். பம்பிங் உடனே ஏறாது, மெல்ல மெல்லத்தான் ஏறும். இன்று ஓடி விளையாடுகிறாள், இதயத்தின் இடப்பக்கமுள்ள மைட்ரல் வால்வில் மட்டும் கொஞ்சம் லீக் இருக்கிறது, ஆண்டுதோறும் எக்கோ பார்க்கிறோம். ஆஸ்பத்திரியில் எக்மோ (இதயம், நுரையீரல் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் இயந்திரம்) வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றே அங்குள்ள காப்பீட்டு கவுன்டரில் காட்டுங்கள்.

தேன்மொழி_அம்மா:
மாமனாரிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். சரி என்றுவிட்டார். நாளைக்கே அட்மிட் ஆகிறோம்.

கடலோரம்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அண்ணன் மகனுக்குப் பதினைந்து வயது, ஃபுட்பால் ஆடும்போது மயங்கி விழுந்தான். இசிஜி நார்மல். விட்டுவிடலாமா?

மழலைஇதயம்:
விடக் கூடாது. இது அல்காபா இல்லை, வேறு பிறவிக் கோளாறாக இருக்கலாம்: இடது கொரோனரி மகாதமனியிலேயே தவறான பக்கத்தில் கிளம்பி, அதற்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே ஓடும் பிள்ளைகளுக்கு ஓய்வில் எடுக்கும் இசிஜி பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும், சில நேரம் டிரெட்மில் டெஸ்ட்கூட நார்மலாக வரும். ஓடும்போது மயங்கினான் என்பதே போதுமான எச்சரிக்கை. கொரோனரிகள் கிளம்பும் இடத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லி எக்கோ, அப்புறம் சிடி ஆஞ்சியோ. மயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் தேடுவார்கள். அதுவரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.